அம்மாவிடம் “நல்லா இருக்கேன்” என்று சொன்ன 25 ஆவது பிறந்தநாள்

 

போன மாதம் ஒரு ராத்திரி, கோபாலபுரத்தில் எங்க வீட்டு சமையலறையில் அம்மா, அப்பா, நான் மூணு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். யாருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று? கிட்டத்தட்ட 9,000 கிலோமீட்டர் தள்ளி மெல்போர்னில் தூங்கிக்கொண்டிருந்த என் தங்கைக்கு! அவளுக்கு எப்படியும் கேட்காது. இருந்தாலும் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு மறுபடியும் மாடி ஏறும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு. டாக்டர், “ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்துடலாம்” என்று தேதி கொடுத்துவிட்டார். அந்தத் தேதிக்கு மூணு நாள் முன்னாடி தங்கைக்கு 21 ஆவது பிறந்தநாள். ஆஸ்திரேலியாவில் 21 என்பது பெரிய விஷயம். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து விழா மாதிரி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

“பொறந்தநாள் அதுவுமா குழந்தைகிட்ட இதைச் சொல்லணுமா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்” என்றார் அம்மா. அப்பாவும் தலையாட்டினார். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தங்கையோடு தினமும் பேசுகிறவன் நான்தான். அதனால் பொய்யும் என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

“சரிம்மா” என்று சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு 2022 டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த டிசம்பர்

நான் கார்த்திகை மாசம், கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்தவன். முருகனுக்கு உகந்த நட்சத்திரம் என்பதால் அவன் பேரையே எனக்கு வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் தேதிப்படி டிசம்பர் 12. இன்ஜினீயரிங் முடித்து ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்விக் கடன் வாங்கி, இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போனேன். போன மூணாவது மாசமே எனக்கு 25 வந்தது.

அந்த டிசம்பரில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்து முழுக்கக் கடும் குளிர், பனி. கேஸ், கரன்ட் விலையெல்லாம் எகிறிப்போயிருந்த வருஷம். எங்க வீட்டில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு சட்டம் போட்டிருந்தோம்: ஹீட்டர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். தபால்காரர்கள் விட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்ததால், அம்மா அனுப்பிய பார்சல் எங்கேயோ நின்றுபோயிருந்தது. அதில் பழனி விபூதியும் கைமுறுக்கும் இருந்தன. பார்ட் டைம் வேலை கையை விட்டுப் போய் ரெண்டு வாரம் ஆகியிருந்தது. முக்கியமான ஒரு பாடத்தில் முதல் அசைன்மென்ட்டிலேயே ஃபெயில். இதெல்லாம் போதாதென்று நாலு நாளாகக் காய்ச்சல்.

நம்ம ஊர் நேரம் ராத்திரி 12 மணி என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம் 6.30. சரியாக 6.30க்கு அம்மா வீடியோ காலில் வந்தார். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் சிங்காரவேலர் சந்நிதியில் அர்ச்சனைக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். “எப்படிடா இருக்க?” என்றார்.

“சூப்பரா இருக்கேம்மா. இப்பதான் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேக் வாங்கப் போயிருக்காங்க.”

கேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நூடுல்ஸ் பாக்கெட் ஒன்று இருந்தது. “அப்பா எங்கம்மா?” என்று கேட்டேன். “மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டார்டா. சளி. எழுப்ப வேணாம்” என்றார். ரெண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்தேன். போர்வைக்குள் போய் அழுதேன்.

அன்றைக்கு ராத்திரி நான் இன்ஸ்டாவில் போட்ட போட்டோ எது தெரியுமா? அக்டோபரில் யாரோ ஒருவருடைய பிறந்தநாளில் எடுத்தது. 140 லைக்.

அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் மேலே ஒரு மாத்திரை டப்பா. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள். கேட்டபோதுதான் தெரிந்தது: நவம்பர் கடைசியில் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். என் பிறந்தநாள் அன்றைக்கு அவர் தூங்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து என் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாராம். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று கேமரா பக்கம் வரவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. “நான் யாரோவா? எங்கிட்ட எப்படி மறைச்சீங்க?” என்று கத்தினேன். அம்மா திருப்பிக் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்: “நீ சொன்னியாடா? வீட்டுக்குள்ள உக்காந்துட்டு ஸ்வெட்டர் மேல ஜாக்கெட், அதுக்கு மேல போர்வை. பின்னாடி ஜன்னல்ல வெறும் நூடுல்ஸ் கப்பு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

ஒரே போன் காலில் ரெண்டு பொய். ரெண்டும் அன்பில்தான் சொல்லப்பட்டன. பிறகு ஏன் ரெண்டு பக்கமும் இவ்வளவு வலித்தது? இந்தக் கேள்விதான் என்னை விடவே இல்லை.

மட்லாக்கில் ஒரு மார்கழி

ஊருக்கு வந்த பிறகு கணித மேதை ராமானுஜனைப் பற்றி ராபர்ட் கனிகல் 1991 இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். நம்ம ஊர்ப் பையன் வெளிநாட்டில் படிக்கப் போன கதைகளில் மூத்த கதை அது. எனக்குத் தெரிந்த ராமானுஜன் 1729 என்ற எண்ணோடு முடிந்துவிட்டவர். அந்தப் புத்தகத்தில் இருந்தவர் வேறு ஆள்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் வளர்ந்தவர். இங்கே மெட்ராஸ் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதியவர். கடல் தாண்டக் கூடாது என்று வீட்டில் தடை. குலதெய்வம் நாமகிரித் தாயார் அவருடைய அம்மா கோமளத்தம்மாளின் கனவில் வந்து வழிவிடச் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1914 மார்ச் 17 அன்று மெட்ராஸில் கப்பல் ஏறினார். அதற்கு முன்பே குடுமி போய்விட்டது; கோட்டும் ஷூவும் வந்துவிட்டன. மெட்ராஸ் யுனிவர்சிட்டி வருஷத்துக்கு 250 பவுண்ட் உதவித்தொகை கொடுத்தது. அதில் ஒரு பங்கு பெற்றோருக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்பினார். கல்விக் கடனோடு போய் வீட்டுக்கும் பணம் அனுப்பும் பையன்களுக்கு இது புரியும்.

கேம்பிரிட்ஜில் தானே சமைத்துச் சாப்பிட்டார். அந்த வருஷமே முதல் உலகப் போர் ஆரம்பித்தது. காய்கறிக்கே தட்டுப்பாடு. ஊருக்குத் திரும்பலாம் என்றால் கடலில் நீர்மூழ்கிக் கப்பல் பயம். 1917 இல் உடம்பு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, சானடோரியம் என்றே நாட்கள் போயின. அப்படித்தான் அந்த வருஷ மார்கழியில் அவருக்கு 30 வயசு முடிந்தது.

முதல் வருஷத்தில் மாசத்துக்கு மூணு நாலு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார். இந்தப் பக்கம் வீட்டிலும் ஒரு மௌனம். மனைவி ஜானகிக்கும் அவருக்கும் நடுவில் கடிதங்கள் போய்ச்சேரவில்லை. மாமியார் கையிலேயே நின்றுபோயின. அவரோ, மனைவிக்கு எழுத மனசில்லை போலும் என்று அங்கே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் உடம்பை மறைத்தார்கள், இன்னொரு பக்கம் வீட்டுச் சண்டையை மறைத்தார்கள். நடுவில் ஒரு மனிதன் தனியாக நின்றுவிட்டார்.

1918 தொடக்கத்தில் அவர் உயிரை விடவே முயன்றார். எப்படியோ பிழைத்தார். அதே வருஷம்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆனார். வெளியே இருந்து பார்த்தால் அவர் வாழ்க்கையிலேயே உச்சமான வருஷம். இந்த ஒரு வரியை ரெண்டு தடவை படியுங்கள், நண்பர்களே. உங்க லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்து யாரும் உங்களைப் புரிந்துகொள்ள முடியாது. அவர்களுடையதைப் பார்த்து நீங்களும் அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

அவர் மாசக்கணக்கில் படுத்திருந்த சானடோரியம் மட்லாக் என்ற ஊரில் இருந்தது. நான் இருந்த ஷெஃபீல்டிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். நான் போர்வைக்குள் அழுத அந்த ராத்திரி, அவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு கதை இருந்தது எனக்குத் தெரியாது.

அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் ஒருவர் உண்டு. ராமலிங்கம் என்று ஒரு தமிழ் இன்ஜினீயர், அப்போது இங்கிலாந்திலேயே இருந்தவர். 1918 இல் மட்லாக்குக்கே போய் ராமானுஜனோடு சில நாள் தங்கினார். அவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்தார். பார்த்ததை அப்படியே பேராசிரியர் ஹார்டிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். “எல்லாம் நல்லா இருக்கு” என்று முடிக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்கு வேண்டியது அப்படி ஒரு நண்பர்தான்.

யாருடைய பிறந்தநாள்?

நம்ம மரபில் பெரிய பிறந்தநாட்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். முதல் வயசில் ஆயுஷ் ஹோமம், காது குத்து. பிறகு 60 இல் சஷ்டியப்தபூர்த்தி; திருக்கடையூர் போவார்கள். 80 இல் சதாபிஷேகம். 21, 25, 30 எல்லாம் நம்ம கணக்கில் இல்லை. அவை வெளியிலிருந்து வந்தவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் கேக் வெட்டுகிறவன்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முதல் வயசுப் பிறந்தநாளைக் குழந்தை கொண்டாடுவதில்லை, பெற்றவர்கள் கொண்டாடுகிறார்கள். 60 ஐ அப்பா கொண்டாடுவதில்லை. பிள்ளைகள் எடுத்துச் செய்கிறார்கள். அதாவது நம்ம ஊரில் பிறந்தநாள் என்பது அடுத்தவர் நமக்காகச் செய்வது. நம்மைத் தூக்கி வளர்த்தவர்களும் நாம் தூக்கிச் சுமப்பவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து “நீ இருக்கிறாய், எனக்கு அது போதும்” என்று சொல்கிற நாள்.

முருகனையே பாருங்கள். பிறப்பே இல்லாதவன் என்கிறோம். அப்படிப்பட்டவனுக்கும் வைகாசி விசாகம் என்று ஒரு பிறந்தநாள் கொண்டாடுகிறோம். சிவனின் நெற்றிக் கண்ணிலிருந்து வந்த பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள் ஆயின. பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அவர்களால் கார்த்திகேயன் என்று பேர் வந்தது. வளர்த்தவர்கள் பேரைத் தன் பேராக வைத்துக்கொண்ட சாமி நம்ம சாமி.

அப்படியானால் என் பிறந்தநாளில் அம்மாவுக்குச் சேர வேண்டிய பங்கு ஒன்று இருக்கிறது. அந்தப் பங்கு என்ன? சிரித்த முகமா? இல்லை, உண்மையான முகமா?

பொய்யின் கணக்கு

“அம்மாவுக்குக் கவலை வேணாமேன்னுதானே சொன்னேன்? நன்மைக்காகச் சொன்னால் பொய்யும் உண்மைக்குச் சமம் என்று வள்ளுவரே சொல்லலையா?” என்று நீங்க கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வள்ளுவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அந்த நன்மையில் குற்றமே இருக்கக் கூடாது. அடுத்த குறளிலேயே, தெரிந்து பொய் சொன்னால் உன் மனசே உன்னைச் சுடும் என்றும் எச்சரிக்கிறார். அவர் ‘ஃப்ரீ பாஸ்’ எதுவும் கொடுக்கவில்லை.

என் பொய்யை அந்த நிபந்தனையில் போட்டுப் பார்த்தேன். நான் காப்பாற்ற நினைத்தது அம்மாவின் பி.பி.யையா? நேர்மையாகச் சொல்கிறேன், பாதிதான். மீதிப் பாதி என் இமேஜ். ‘ஃபாரின்ல படிக்கிற பையன்’ என்ற போர்டு கீழே விழுந்துவிடக் கூடாது. கடன் வாங்கி அனுப்பியவர்கள் முன்னால் தோற்றவனாகத் தெரியக் கூடாது. அதற்கு அன்பு என்று நானே பேர் வைத்துக்கொண்டேன்.

அம்மாவின் பொய் என்னுடையதை விடச் சுத்தமானது. அதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் அதிலும் ஒரு இழப்பு இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாட்களில் அவருடைய மகனாக இருக்கும் வாய்ப்பை நான் இழந்தேன். டிக்கெட் வாங்கப் பணம் இருந்திருக்காது, சரி. ஒரு போன் பண்ணியிருப்பேன். கந்த சஷ்டி கவசம் ஒரு தடவை கூடச் சொல்லியிருப்பேன். எதுவும் செய்ய முடியாவிட்டாலும், செய்ய முடியாமல் தவிக்கிற உரிமை எனக்கு இருந்தது. அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

என் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புரோகிராமில் ஏதாவது எரர் வந்தால் அதைப் பிடித்து, எங்கேயும் பதிவு செய்யாமல், யாருக்கும் சொல்லாமல் விழுங்கிவிடுகிற மாதிரி கோடு எழுதிவிடுவார்கள். டேஷ்போர்டில் எல்லாம் பச்சையாகவே தெரியும். எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். ஒரு நாள் மொத்தமாகப் படுத்துவிடும். அப்போது எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வீடுகளும் இப்படித்தான். “நல்லா இருக்கேன்” என்பது பச்சை விளக்கு. ரெண்டு பக்கமும் பச்சை எரிந்துகொண்டிருக்க, உள்ளே ரெண்டு பக்கமும் ஓடவில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டுமா? அதுவும் இல்லை. வளர்ந்த பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு அறை வேண்டும். சின்னச் சின்னத் தலைவலியை எல்லாம் நடுராத்திரியில் அம்மாவிடம் சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. நாளைக்குச் சொல்வது வேறு, சொல்லவே கூடாது என்று முடிவெடுப்பது வேறு. நான் இப்போது எனக்கே ஒரு கேள்வி வைத்துக்கொள்கிறேன்: “இந்த விஷயம் பிறகு தெரியவந்தால், இதில் எனக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று அவர் நினைப்பாரா?” ஆம் என்றால், சொல்லிவிட வேண்டியதுதான்.

பழனிக்குப் போன பிள்ளை

பழனிக் கதை எல்லாருக்கும் தெரியும். ஞானப்பழம் கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு கைலாயத்தை விட்டே கிளம்பிவிட்டான். மயிலை எடுத்தவன் தெற்கே வந்து ஒரு மலைமேல் நின்றுவிட்டான். வீட்டை விட்டு தூர தேசம் போன பிள்ளை!

இந்தக் கதையில் நான் சின்ன வயசில் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முருகன் அங்கே போய் எல்லாம் சரியாக இருப்பது போல நடிக்கவில்லை. நகை இல்லை, பட்டு இல்லை. கோவணத்தோடு, கையில் தண்டத்தோடு ஆண்டியாக நின்றான். “எனக்கு வலிக்கிறது” என்பதை மறைக்காமல் நின்றான். அதனால்தான் அப்பாவும் அம்மாவும் தேடி வந்தார்கள். ஒருவேளை, “நான் இங்க சூப்பரா இருக்கேன், நீங்க வர வேணாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தால்? அவர்கள் நிம்மதியாகக் கைலாயத்திலேயே இருந்திருப்பார்கள். பிள்ளை மலைமேல் தனியாக நின்றிருப்பான். “நீயே பழம்” என்று சொல்ல ஆள் வந்திருக்காது.

உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்த ஆண்டிக் கோலத்தைக் கும்பிடுகிறார்கள். பழனியில் ராஜ அலங்காரமும் உண்டு, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவன் வேஷத்தை மறைத்துக்கொண்டு ஒரு நாளும் நிற்கவில்லை. ரெண்டு கோலமும் வெளிப்படையாகவே நடக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாக இருந்தவனைப் பார்வதி தேவி ஒரே அணைப்பில் சேர்த்து எடுத்தபோதுதான் ஆறுமுகன் ஆனான் என்று கந்தபுராணம் சொல்கிறது. வெளிநாட்டில் இருந்தபோது எனக்கும் ஆறு முகம் இருந்தது. பேராசிரியருக்கு ஒன்று, வீட்டுத் தோழர்களுக்கு ஒன்று, வேலை கொடுத்தவருக்கு ஒன்று, இன்ஸ்டாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, போர்வைக்குள் ஒன்று. ஆறும் தனித்தனிக் குழந்தைகளாக நின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்க்கக்கூடியவரிடமே ஐந்தை மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் காட்டினேன்.

என் பிறந்தநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஷெஃபீல்டில் ஒரு ராத்திரி வானம் தெளிவாக இருந்தது. தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்துப் போய் நின்றேன். கிழக்குப் பக்கம் கொத்தாகச் சின்ன நட்சத்திரங்கள். அறுமீன், நம்ம கார்த்திகைப் பெண்கள். சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன. சாயங்காலம் ஆறரை. அதே நிமிஷம் சென்னையில் நடுராத்திரி. கோபாலபுரத்து மொட்டை மாடியில் நின்றால் அதே கூட்டம் ஏறக்குறைய தலைக்கு மேல் தெரியும். கடிகாரம்தான் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் காட்டுகிறது. வளர்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. அன்றைக்கே போன் பண்ணி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அது இன்னும் என்னிடம் பாக்கி நிற்கிறது.

சமையலறைக்குத் திரும்பி

அதனால் போன மாதம் அம்மா கேட்டபோது, “சொல்லிடலாம்மா” என்றேன். “பிறந்தநாள் அன்னிக்கு வேணாம். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடலாம். அவளும் யோசிக்க நேரம் கிடைக்கும்.”

அம்மாவுக்குக் கோபம். ஒரு நாள் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் அப்பாதான், “நானே பேசறேன்” என்றார். இந்தத் தடவை அவரே கேமரா முன்னால் உட்கார்ந்தார். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார். என்ன பிரச்சினை, என்ன டெஸ்ட், என்றைக்கு என்று ஒரு ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி சொன்னார். கடைசியில் மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது: “எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்மா.” எங்க அப்பா இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

தங்கை அழுதாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவளே, “நானும் ஒண்ணு சொல்லணும்” என்றாள். வாடகை வீட்டில் கூட இருந்தவர்களோடு பிரச்சினையாகி, மூணு வாரமாக ஒரு சிநேகிதி வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருக்கிறாளாம். “அப்பாவுக்கு பி.பி. ஏறிடும்னு சொல்லல” என்றாள். அப்பா ஆஞ்சியோகிராம் கவலையை விட்டுவிட்டு வீடு தேடும் யோசனையில் இறங்கிவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார்.

பிறந்தநாள் அன்றைக்கு அவள் விழாவுக்குப் போனாள். கேக் வெட்டினாள். நாங்கள் சிங்காரவேலர் சந்நிதியில் அவள் பேருக்கும் அப்பா பேருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தோம். அவள் அனுப்பிய போட்டோவில் கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. சிரிப்பு நிஜம். எனக்கு அந்தப் போட்டோ ரொம்பப் பிடித்திருக்கிறது.

மூணு நாள் கழித்து அப்பாவை உள்ளே அழைத்துப் போனார்கள். இன்னொரு ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தது. வெளியே நாற்காலியில் நானும் அம்மாவும். எங்களுக்கு நடுவில் இருந்த காலி நாற்காலியில் என் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். அதில் தங்கை, தூங்காமல், தலையை வாராமல், கையில் ஒரு சின்ன வேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வெளியே வந்ததும் முதலில் கேட்டது, “அவ லைன்ல இருக்காளா?”

“இருக்கேம்பா” என்றாள்.

நண்பர்களே, இதைப் படிக்கிற உங்களில் பல பேர் கனடாவிலோ ஜெர்மனியிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு அறையில் இருப்பீர்கள். அடுத்த பிறந்தநாளுக்கு வீட்டிலிருந்து போன் வரும். எல்லாம் நல்லா இருந்தால் சந்தோஷமாகச் சொல்லுங்கள். இல்லை என்றால், முதலில் ஒரே ஒரு உண்மையைச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் சொல்லவே முடியாத நிலைமை என்றால், பக்கத்தில் ஒரு ராமலிங்கத்தைத் தேடுங்கள். மனசு ரொம்ப இருண்டுபோனால் தயவுசெய்து தனியாக இருக்காதீர்கள்; இந்தியாவில் இருப்பவர்கள் 14416 க்கு எந்த நேரமும் பேசலாம், மற்ற நாடுகளிலும் இப்படி எண்கள் இருக்கின்றன.

ஊரில் இருக்கிற பெற்றோர்களுக்கும் இதை அனுப்புங்கள். “தூங்கிட்டார்” என்று சொல்கிற அம்மாக்களும் படிக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!